தொடர்பில் இல்லாத ஏழு பேர்

கடைசி வரிசைக்கும் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுப் பொற்கொடி திரும்பியபோது மணி பத்தைத் தாண்டி இரண்டு நிமிடம். இனி ஒரு மணி வரைக்கும் அவளுக்கு வேலை என்று பார்த்தால் நடப்பது, நிற்பது, கேட்கிறவர்களுக்குக் கூடுதல் தாள் கொடுப்பது, யார் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனிப்பது, அவ்வளவுதான். உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, போன் கிடையாது. பல்கலைக்கழகத் தேர்வு என்றால் மேற்பார்வைக்கு வருகிற டாக்டர்களும் போனை அணைத்துப் பழுப்பு உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி, கீழ் அறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும். மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக ஒன்பது வருஷம் ஆகியும் இந்த உறை விஷயம் அவளுக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கும். இன்றைக்கு அப்படி இல்லை. போன் கையில் இருந்திருந்தால் இந்நேரம் நூறு தடவை அந்த மின்னஞ்சலைத் திறந்து பார்த்திருப்பாள். திறக்காமலே வரி வரியாக மனப்பாடம். தங்கள் ஆய்வுக் கட்டுரையின் அச்சுப்படி இணைக்கப்பட்டுள்ளது. கீழ்க்காணும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் தரவும். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குள் பதில் வராவிட்டால் அதையே ஒப்புதலாகக் கொள்வோம். இன்று சனிக்கிழமை. முதல் கேள்வி அவள் பெயரின் எழுத்துக்கூட்டல் பற்றி, இரண்டாவது கல்லூரி முகவரி, மூன்றாவது ஏதோ ஒரு படத்தின் அளவு, ஐந்தாவது நன்றியுரை. நாலாவதுதான் மூன்று நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. தொடர்பில் இல்லாதவர்கள் ஏழு பேர். உறுதி செய்யவும்.

ஆம் என்று ஒரு சொல் எழுதினால் போதும். அதைக்கூட எழுத வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், மணி இரண்டைத் தாண்டியதும் அதுவே ஆம் ஆகிவிடும். சும்மா இருப்பது இவ்வளவு சுலபம் என்று யார் இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தார்களோ என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு பையன் பேனாவை உதறினான், மை சிந்தவில்லை. ஆய்வில் சேர்ந்து பாதியில் வராமல் நின்றுபோனவர்கள் ஏழு பேர் இல்லை, ஆறு பேர். ஆறு பேர் தொடர்பில் இல்லை, ஒருத்தி செத்துப்போனாள். எண் ஐம்பத்தெட்டு. பவுனம்மாள். கட்டுரையில் பவுனம்மாள் கிடையாது, யாருக்கும் பெயர் கிடையாது, ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை எண்கள்தான். சர்க்கரை நோயில் வருகிற கால் எரிச்சலுக்குப் பல காலமாகக் கொடுத்து வருகிற ஒரு பழைய மாத்திரை. ராத்திரிக்கு ஒன்று என்பது வழக்கம். ஒன்றுக்குப் பதில் இரண்டு கொடுத்தால் எரிச்சல் நன்றாக அடங்குமா என்று பார்க்கலாமே என்ற யோசனை பொற்கொடியுடையது. அறுபது பேருக்கு ஒன்று, அறுபது பேருக்கு இரண்டு, பன்னிரண்டு வாரம். பவுனம்மாளுக்கு இரண்டு. எரிச்சல் அடங்கத்தான் செய்தது. படுத்தால் பாயில் நெருப்பை வைத்தது போலிருக்கும் என்று சொன்னவர்கள் எல்லாம் விடிய விடியத் தூங்கினோம் என்று வந்து சொன்னார்கள். அதைக் கேட்டு வார்டிலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. கட்டுரையில் அதற்கு அடுத்த வரிதான் பொய். கடுமையான பக்கவிளைவு எதுவும் நிகழவில்லை.

பொய் என்று சொல்லலாமா, எழுதும்போது பொய் இல்லையே, தெரியாமல் எழுதியதுதானே என்று மனசு உடனே வக்கீல் வைத்துக்கொண்டு வந்துவிடும். அந்த வக்கீலை அவளுக்கு இப்போது நன்றாகப் பழக்கம். அவள் ஜன்னல் ஓரமாக நடந்தாள். கீழே புறநோயாளிப் பிரிவு வாசலில் வரிசை வெயிலுக்குள் நீண்டிருந்தது. எட்டாவது வாரத்துக்கு வர வேண்டிய ஐம்பத்தெட்டாம் எண் வரவில்லை. கொடுத்திருந்த நம்பருக்குப் பொற்கொடிதான் போன் போட்டாள். எடுத்தது புருஷன். "அவ இங்க இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டான். மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. இங்கே இல்லை என்றால் எங்கே என்று கேட்க வேண்டும் என்று தோன்றியது, தோன்றியதோடு சரி, அன்றைக்கு நாற்பது பேருக்கு போன் போட வேண்டியிருந்தது. ஆனால் அவள் ஒன்றும் அசட்டையாக விட்டுவிடவில்லை. யாராவது நம் ஆஸ்பத்திரியிலேயே வந்து சேர்ந்திருக்கலாம் என்று அந்த நாலு மாதத்து உள்நோயாளிப் பதிவேடுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஏழு பெயரையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தேடினாள். மு. பவுனம்மாள், வயது ஐம்பத்திரண்டு, வேப்பங்குளம். இதுதான் தேடிய பெயர். பதிவேட்டில் இருந்தது இ. பவுனம்மாள், வயது ஐம்பத்தாறு, கீழஏந்தல். விரல் அந்த வரியில் நின்றது. அது நல்ல ஞாபகம் இருக்கிறது, நின்றது. இனிஷியல் வேறு, ஊர் வேறு, வயது வேறு, இது வேற ஆள் என்று விரல் கீழே இறங்கிவிட்டது. மு என்பது புருஷன் முத்தழகு. இ என்பது அப்பா இருளாண்டி. புருஷனோடு இருந்தவரை மு, அவனிடம் அடி வாங்கித் தாங்காமல் தம்பி வீட்டுக்கு வந்த பிறகு இ. சேர்த்த தம்பி அப்பா பெயரைத்தான் சொல்லியிருப்பான், வேறென்ன சொல்லுவான். வயது எந்த ஊரில்தான் சரியாகச் சொல்கிறார்கள்.

இதில் அவளுக்குத் தாங்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அவளுக்கே இரண்டு இனிஷியல். பள்ளிக்கூடச் சான்றிதழிலிருந்து டாக்டர் பட்டம் வரைக்கும் வே. பொற்கொடி, வேதமாணிக்கத்தின் மகள். ரேஷன் கார்டிலும் கேஸ் புத்தகத்திலும் ச. பொற்கொடி, மாமியார் வீட்டு உபயம். பாஸ்போர்ட் எடுக்கப் போய் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். கல்யாணமாகி வந்தவர்களுக்கு இனிஷியல் மாறும், கல்யாணம் முறிந்தால் திரும்பவும் மாறும் என்பது இங்கே பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டுக்காரன் ஒருவன் அந்தப் பதிவேட்டைப் பார்த்து ஏமாந்திருந்தால் நியாயம் இருக்கிறது. மேடம், அடிஷனல். மூன்றாவது வரிசைப் பெண் கையைத் தூக்கியிருந்தாள். பொற்கொடி தாளைக் கொடுத்து, எண்ணைக் குறித்து, கையெழுத்து வாங்கினாள். அந்தப் பெண் பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியல் போட்டிருந்தாள், அம்மாவுடையதும் அப்பாவுடையதும். இப்போது நிறையப் பேர் அப்படிப் போடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமானால் எத்தனை எழுத்து வரும், எந்தப் பதிவேட்டில் எந்த வரியாக இவள் கிடப்பாள் என்று ஓடிய யோசனையை நிறுத்தி, பொற்கொடி அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் எதுவும் தெரியாமல் நிம்மதியாக இருந்தாள். செவ்வாய்க்கிழமை பவுனம்மாளின் தம்பி அழகுமலை வந்தான். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன், நாற்பத்தைந்து வயதிருக்கும், காக்கிச் சட்டை, வரிசையில் நிற்கும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். முறை வந்ததும் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தான். மூடியில் ஐம்பத்தெட்டு என்று பொற்கொடியின் கையெழுத்து. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமானையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டபோது அகப்பட்டதாகவும், மிச்ச மாத்திரையைக் கட்டாயம் திருப்பிக் கொடுக்கணும் என்று மேடம் சொல்லியிருப்பதாக அக்கா திரும்பத் திரும்பச் சொல்லுமென்றும், இத்தனை மாதம் வைத்திருந்ததற்கு மன்னிக்கணும் என்றும் சொன்னான். ஆய்வில் சேர்ந்த எல்லோரிடமும் அதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள், மிச்சத்தை எண்ணிப் பார்த்தால்தானே ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று தெரியும். நூற்றிருபது பேரில் பாதிப் பேர் டப்பாவைக் கொண்டு வந்ததே இல்லை. அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டாள் பொற்கொடி. போன தை மாசமே தவறிப்போயிருச்சு மேடம், இங்கதான், சேத்த மூணாம் நாள், என்றான். எந்த வார்டு, எந்தத் தேதி, எந்தப் பெயரில் சேர்த்தீர்கள் என்று அவள் கேட்கக் கேட்க அவன் சொல்லிக்கொண்டே போனான். சொல்லி முடித்தபோது அவளுக்கு விரல் நின்ற அந்த வரி கண்முன்னால் வந்துவிட்டது. டப்பாவை இழுத்து டிராயரில் வைத்தாள். பிறகு என்ன செய்தாள்? சரி, வச்சிட்டுப் போங்க, ரொம்ப நன்றி என்றாள். அவன் ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பரை எழுதி, ஏதும் வேணும்னா கூப்பிடுங்க மேடம் என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அந்த ரொம்ப நன்றி இப்போதும் வாயில் கசக்கிறது.

அன்று சாயங்காலமே நோயாளிக் குறிப்பை எடுத்துப் பார்த்துவிட்டாள். பிதற்றல், வாந்தி, மயக்கம் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். ரத்தத்தில் உப்பு நூற்றெட்டு. நூற்று முப்பத்தைந்து இருக்க வேண்டியது. அந்த மாத்திரைக்கு உப்பைக் குறைக்கிற குணம் உண்டு என்பது பாடப்புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது, அபூர்வம் என்ற அடைமொழியோடு. வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற இடத்தில் சர்க்கரை மாத்திரை என்று மட்டும் எழுதியிருந்தது. புதன்கிழமை காலை துறைத்தலைவர் ஞானசிகாமணியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ வசதி. வார்டில் சுற்றும்போது நோயாளியின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற மனுஷர், அவருக்கு ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம், கட்டுரையில் கடைசிப் பெயர் அவருடையது. பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, நூத்தி இருபது பேர்ல ஒருத்தி. ரெண்டு நாளா வாந்தி எடுத்திருக்கா, சாப்பிடல, சர்க்கரை வேற. உப்பு இறங்குறதுக்கு நூறு காரணம் இருக்கு. மாத்திரையாலதான்னு யாரு சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லல சார் என்றாள். "மாத்திரையாலன்னு எழுத வேண்டாம் சார். செத்தாங்கன்னு எழுதணும்." அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். முதல்ல வெளிய வரட்டும், அப்புறம் திருத்தம்னு ஒண்ணு போட்டுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க என்று கடைசியில் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. கட்டுரையை நூறு பேர் படிப்பார்கள், ஒரு வருஷம் கழித்து மூலையில் வருகிற திருத்தத்தை எழுதியவனும் அவன் பெண்டாட்டியும் படிப்பார்கள். அதற்குள் எங்கேயோ ஓர் ஊரில் ஒரு டாக்டர், நல்லவராகவே இருக்கட்டும், இதைப் படித்துவிட்டு ராத்திரிக்கு இரண்டு என்று சீட்டில் எழுதுவார். ஐம்பத்தாறு வயசா, ஐம்பத்திரண்டா என்று தெரியாத ஒருத்தி தண்ணீர் விட்டு விழுங்குவாள்.

மணி பதினொன்று பத்து. மின்விசிறி ஒன்று மட்டும் கடக் கடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. இன்றைய மேற்பார்வை உண்மையில் ஞானசிகாமணியின் முறை. நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டு, எனக்கு ஒரு கூட்டம் இருக்கு, நீ பாத்துக்கயேன் என்றார். கூட்டம் இருக்கலாம். மூன்று மணி நேரம் போனில்லாமல் இவளை மாடியில் நிறுத்திவைத்தால் நல்லது என்றும் நினைத்திருக்கலாம். மனுஷரை அப்படியெல்லாம் சந்தேகப்படலாமா என்று ஒரு பக்கம் மனசு கூசியது, இன்னொரு பக்கம் மணி பார்த்தது. ஒரு மணிக்குத் தேர்வு முடியும், விடைத்தாளைக் கட்டி முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கீழே வர ஒன்றரை ஆகும். அரை மணி இருக்கிறது. அரை மணியில் எழுத முடியாதா? மூன்று நாளாக ஏன் எழுதவில்லை என்று அடுத்த கேள்வி வந்து நின்றது. பயம்தான், வேறென்ன. இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு முதல் பெயராக ஒரு கட்டுரை வேண்டும், அது இதுதான், இரண்டு தடவை இது இல்லாமல் திரும்பி வந்தாயிற்று. நேர்முகம் அடுத்த மாதம். இந்த நேரத்தில் போய் ஒரு மரணத்தை விட்டுவிட்டோம் என்று எழுதினால் கட்டுரையை நிறுத்தி வைப்பார்கள், நெறிமுறைக் குழு கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கும், யார் பதிவேடு பார்த்தது என்பார்கள், நான் என்று எழுந்து நிற்க வேண்டும். அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது, நேர்முகத்துக்குப் புதுப் புடவை எடுத்தாச்சா என்று போன வாரமே கேட்டுவிட்டார். பயத்தைப் பயம் என்று ஒப்புக்கொண்ட பிறகு அது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. சின்னதானாலும் போய்விடவில்லை, கூடவே நடந்து வந்தது.

நடு வரிசையில் ஒரு பையன் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்ததன் மேல் குறுக்காகக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பாவம், இருபது நிமிட உழைப்பாவது இருக்கும். கோட்டுக்குக் கீழே தமிழில் சின்னதாக எழுதினான், மேற்கண்ட விடை என்னால் அடிக்கப்பட்டது. பொற்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பரீட்சைக்கு முன்னால் டீச்சர்கள் சொல்லிக் கொடுப்பது, அடித்தால் அடித்தது நீதான் என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாரோ அடித்துவிட்டதாக ஆகும் என்று. மருத்துவக் கல்லூரியில் யாரும் அதைக் கேட்பதில்லை, ஆங்கிலத்தில் எழுதுகிற பரீட்சையில் அந்த ஒரு வரி மட்டும் தமிழில் வருகிறது, கை பழகிவிட்டது. என்னால். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு மனசு மாட்டிக்கொண்டது. தலைக்குள் அவள் மூன்று நாளாக எழுதி அழித்துக்கொண்டிருக்கிற கடிதத்தில் அந்தச் சொல் எங்கேயும் இல்லை. பதிவேட்டைச் சரிபார்க்கையில் ஒரு கவனக்குறைவு நேர்ந்துவிட்டது. நேர்ந்துவிட்டதாம், மழை பெய்துவிட்டது மாதிரி. பெயர்க் குழப்பத்தின் காரணமாக ஒரு நிகழ்வு விடுபட்டது. எங்கேயிருந்து விடுபட்டது, யார் கையிலிருந்து விடுபட்டது? இப்படியெல்லாம் பூசி மெழுக எங்கே கற்றுக்கொண்டோம் என்று நினைத்தால் அந்தக் கட்டுரையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. மாத்திரை அளிக்கப்பட்டது, அளவு கணக்கிடப்பட்டது, முடிவு கண்டறியப்பட்டது. யாரும் எதையும் செய்யாத ஓர் ஊர் அது. அவள் நடந்துகொண்டே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எண் ஐம்பத்தெட்டு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். பதிவேட்டில் அவர் பெயரைப் பார்த்தும் இனிஷியல் வேறாக இருந்ததால் வேறொருவர் என்று நினைத்து நான் விட்டுவிட்டேன். கடுமையான பக்கவிளைவு எதுவும் நிகழவில்லை என்ற வாக்கியத்தை நீக்கவும். சொல்லிப் பார்த்தால் மூன்றே வாக்கியம், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். இதற்கா மூன்று நாள்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஞானசிகாமணி கதவருகே வந்து நின்றார். கூட்டம் முடிந்துவிட்டதோ, கூட்டமே இல்லையோ. மாணவர்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள், கையமர்த்தினார். பொற்கொடி அவர் பக்கத்தில் போய் நின்றாள், இருவரும் மாணவர்களைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் பேசினார்கள். யோசிச்சியா என்று கேட்டார். யோசிச்சேன் சார், கீழே போனதும் எழுதி அனுப்பறேன், உங்களுக்கும் கட்டுரையில பேர் இருக்கற மத்தவங்களுக்கும் நகல் வரும், நெறிமுறைக் குழுவுக்கும் போகும் என்றாள். குரல் நடுங்கவில்லை, அது அவளுக்கே ஆச்சரியம். அப்படின்னா என் பேரை அதுல இருந்து எடுத்துரு என்றார் அவர். "அதுக்கு நீங்கதான் எழுதிக் கொடுக்கணும் சார். அந்தப் படிவத்துல காரணம் என்னன்னு ஒரு இடம் இருக்கு." அவர் முகம் சிவந்து, பிறகு மெல்ல வடிந்தது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவரோ வயசானவராகத் தெரிந்தார். தையில் அந்த வார்டு நான்தான் பார்த்தேன் பொற்கொடி, அந்த அம்மாவை நானும் ரெண்டு தடவை பார்த்தேன் என்று மட்டும் சொன்னார். அவளுக்கு அது தெரியும், குறிப்பில் அவர் கையெழுத்து இருக்கிறது. வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று இன்னொரு தரம் கேட்காமல் விட்டதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இரண்டு பேரும் அப்போது சொல்லிக்கொள்ளவில்லை. அந்த ஃபேனைப் பார்க்கச் சொல்லணும், சத்தம் போடுது என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். போகிற முதுகைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததால் முடிவு ஒன்றும் மாறிவிடவில்லை.

அவர் போன பிறகு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கடைசி ஒரு மணி நேரம் எப்போதும் போல ஓடியது, பையன்கள் தாளுக்கு மேல் தாள் கேட்டார்கள், தாளைக் கட்ட நூல் கேட்டார்கள், ஒருத்தி தண்ணீர் கேட்டாள். கடிதம் தயார், சொல் சொல்லாகத் தயார். பின்னே எங்கே இடறுகிறது என்று தேடித் தேடி, முன் வரிசைக்கும் கரும்பலகைக்கும் நடுவில் நிற்கும்போது கண்டுபிடித்தாள். பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியப்போகிறது, நெறிமுறைக் குழுவுக்குத் தெரியப்போகிறது, எங்கேயோ இருக்கிற பெயர் தெரியாத பதிப்பாசிரியருக்கு எல்லோருக்கும் முன்னால் தெரியப்போகிறது. அழகுமலைக்குத் தெரியாது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தவனிடம் ரொம்ப நன்றி என்று சொல்லி அனுப்பியாயிற்று. அவனுக்கு இத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் போடவில்லை. போடாததனால்தான் மூன்று நாளும் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. கடிதத்துக்குப் பயந்தது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடுகிற அளவுக்கு இப்போது பயம் வந்தது. கடிதம் ஆங்கிலத்தில், அதில் பவுனம்மாள் ஐம்பத்தெட்டு. அவனிடம் அக்கா என்று சொல்ல வேண்டும். எழுதிவிட்டு நிதானமாகச் சொல்லலாம், திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லி மெதுவாகச் சொல்லலாம் என்று வக்கீல் திரும்ப வந்தார். முதலில் அவனுக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு என்று அவள் தனக்குத்தானே கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டாள், உதடு அசைந்திருக்க வேண்டும், முன் பெஞ்சுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

மணி அடித்து, தாள் வாங்கி, எண்ணி, கட்டி, அரக்கு வைத்து, உறையைக் கிழித்துப் போனை வெளியே எடுத்தபோது ஒன்று முப்பத்தாறு. அவள் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், புங்க மரத்து நிழலில் போய் நின்று கடிதத்தை அடித்து முடித்தாள். அனுப்பவில்லை. துண்டுச் சீட்டைப் பார்த்து நம்பரை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான், வண்டிச் சத்தம் கேட்டது, ஓரமா நிறுத்திக்கிறேன் மேடம் என்றான். நிறுத்துகிற வரைக்கும் காத்திருந்தாள். "அண்ணே, அக்கா எறந்ததுக்கு நாங்க கொடுத்த மாத்திரை காரணமா இருக்கலாம். உறுதியாத் தெரியாது. ஆனா இங்க வந்து சேர்ந்தப்ப அவங்க எங்க மாத்திரையைச் சாப்பிடுறவங்கன்னு யாரும் கவனிக்கல. அப்புறம் பதிவேட்டைப் பாத்தப்பவும் நான் விட்டுட்டேன். செவ்வாக்கிழமை நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லாம அனுப்பிட்டேன்." ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. பிறகு அவன் பேசினான். குரல் மாறியிருந்தது.

"ஆஸ்பத்திரியில ரெண்டு ராத்திரியும் நான்தான மேடம் அந்த மாத்திரையைக் கொடுத்தேன். அக்கா அரை நெனப்புலதான் கெடந்துச்சு. ஒருநா கூட விடக் கூடாதுன்னு நீங்க சொன்னதாச் சொல்லியிருந்துச்சுல்ல. தண்ணியில கரைச்சு வாயில விட்டேன்."

இது எந்தக் குறிப்பிலும் இல்லை. அதனால ஒண்ணும் இல்லண்ணே என்ற சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான சொல், எவ்வளவு ஆறுதலான சொல், யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் அதை விழுங்கினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அதுவும் சேர்ந்திருக்கும்ண்ணே. ஆனா நீங்க கொடுத்தது நாங்க சொன்னபடி. நிறுத்துங்கன்னு சொல்ல வேண்டியது நாங்க. நாங்கதான் கேக்கல, சொல்லல."

யாரோ பின்னால் வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்தினார்கள். அவள் கடிதம் எழுதியிருப்பதைச் சொன்னாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் அது போய்விடும் என்றும், அதில் அவன் பெயரோ அக்காள் பெயரோ இருக்காது என்றும், இன்னொருத்தருக்கு இப்படி நடக்காமல் இருக்கத்தான் என்றும் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்ப அதையும் எழுதிருங்க மேடம்" என்றான் கடைசியில். "கூட இருந்தவுக தெரியாமக் கொடுத்துட்டாகன்னு. அப்பத்தான் அடுத்த எடத்துல டாக்டருங்க கூட இருக்கவுகளையும் கேப்பாக."

அவன் வைத்த பிறகு அவள் கடிதத்தைத் திறந்தாள். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு அதையும் எழுதி, அனுப்பினாள்.